பச்சை வந்ததும் கிழி

சத்தியம். வாயில் மிச்சமிருக்கிற பதினோரு பல் மேல் சத்தியம், கும்பிட்ட சாமி மேல் சத்தியம், கும்பிட மறந்து கடந்துபோன அத்தனை சாமி மேலும் சத்தியம், இப்போது நான் நினைக்கப்போவதில் ஒரு எழுத்துகூட இட்டுக்கட்டியது கிடையாது. நம்புகிறவர் நம்பும். நம்பாதவர் எழுந்து போய் எதிரே கண்ணாடித் தொட்டியில் சுற்றுகிற அந்த மீனைப் பார்த்துக்கொண்டு நில்லும், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. மணி பத்து இருபது. பதினொன்றுக்கு விசாரணை. மீட்டிங் ரூம் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே எவனோ நாற்காலியைத் தரதரவென்று இழுக்கிறான், தூக்கி வைத்தால் கையா ஒடிந்துவிடும். வெளியே இந்த நடையில் ஓட்டை போட்ட ஸ்டீல் நாற்காலி மூன்று, ஒரே கம்பியில் முடுக்கியது. இந்த ஓரத்தில் நான், ஆவுடைநாயகம், வயது அறுபத்தாறு, இந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களுக்கு ஒன்பது வருஷமாகக் காவல்நாய். அந்த ஓரத்தில் அட்மிஷன் கவுண்டர் ஜெபக்கனி. நடு நாற்காலியில் அவளுடைய கைப்பை. இடம் இல்லாமல் அங்கே வைக்கவில்லை, வேலி போட்டிருக்கிறாள். ஆனாலும் ஒரே கம்பி. நான் காலை மாற்றிப் போட்டால் அவள் குலுங்குகிறாள். அவள் மூச்சை இழுத்து விடுவது என் இடுப்பெலும்பில் தெரிகிறது. அரை மணி நேரமாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒருவரை ஒருவர் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சுவரில் கடிகாரம். செகண்ட் முள் வழுக்கிப் போகிற ஜாதி இல்லை, நின்று நின்று குதிக்கிற ஜாதி. ஒரு குதிப்புக்கும் அடுத்த குதிப்புக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று இதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. ஒரு மனுஷன் வீங்கிச் சாகக்கூடிய அளவுக்கு இடம் இருக்கிறது.

சாகவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீர் முன்கூட்டியே அழுதுவைப்பீர். பதின்மூன்று நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று ஏழு. உச்சினிமாகாளி என்று ஒரு மினிபஸ் டிரைவர், கணுக்கால் பிசகி வீல்சேரில் வந்திருக்கிறார். முதலில் பேர், ஊர் எல்லாம் பதிந்தாகிவிட்டது. அப்புறம்தான் பெண்டாட்டிக்கு ஞாபகம் வருகிறது, வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிறவளை நிறுத்திவிட்டு ஓடிவருகிறாள். "ஏ தாயி, வலிக்குப் போடுவாகளே டைக்ளோன்னு, அந்த ஊசி இவுகளுக்கு ஆகாது. போன தடவை போட்டு மூஞ்சி பூசணிக்காயா வீங்கிட்டு." ஜெபக்கனி துண்டுத் தாளில் குறித்துக்கொண்டாள், தட்டினாள், சேமி என்கிற பொத்தானை அமுக்கினாள், திரையில் பச்சை டிக் வந்தது, தாளைக் கிழித்துக் கூடையில் போட்டாள். கரண்ட் போனது. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழ எட்டு செகண்ட். கவுண்டர் சர்வரும் செத்து, நாலு நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்தது. வரிசையில் நின்றவர்கள் அதற்குள் அவளுடைய ஏழு தலைமுறையை இழுத்துவிட்டார்கள். பச்சைதான் வந்துவிட்டதே, தாளைத்தான் கிழித்தாயிற்றே, அவள் அடுத்த ஆளைப் பார்த்தாள். மாடியில் வார்டு நர்ஸ் திரையைப் பார்க்கிறாள்: ஒவ்வாமை, ஒன்றுமில்லை. டாக்டர் எழுதியதைப் போட்டாள். மூன்றாவது நிமிஷம் மனுஷனுக்கு மூச்சுக்குழாய் அடைத்துவிட்டது. ஒன்பது நாள் தொண்டையில் குழாயோடு கிடந்தார். நாலு நாள் முன்னால் எடுத்தார்கள். பேசுகிறார், யாரோ தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு குரல், அது அவர் குரலே இல்லை என்று பெண்டாட்டி வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறாள். போலீஸில் புகார் எழுதிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு இப்போது ஒரு தலை வேண்டும். நடுவில் கைப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அதுதான் அந்தத் தலை. இன்றைக்கு வேலை போகும், நாளைக்கு அந்தப் புகாரில் அவள் பேர் ஏறும்.

ஆதாரம் என்ன தெரியுமா. கேமரா. திரையில் பச்சை வந்தது கேமராவுக்குத் தெரியாது, திரையின் முதுகுப்பக்கம்தான் மாட்டியிருக்கிறது. அவள் தாளைக் கிழிப்பது மட்டும் கண்ணாடி போலத் தெரிகிறது. நிதானமாக, இரண்டாக, நாலாக. அழிக்கிறாள் பாருங்கள் என்று நிர்வாக அதிகாரி கோமதிசங்கர் அதை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் காட்டுகிறான். அந்தக் கவுண்டரில் வேலை பார்க்கிற ஆறு பெண்களும் ஒரு நாளைக்கு முந்நூறு தடவை அப்படித்தான் கிழிக்கிறார்கள். கிழிக்கச் சொன்னதே இவன்தான். முன்னால் பச்சை வர ஏழு செகண்ட் ஆகும், அதுவரைக்கும் கை சும்மா இருக்காமல் தாளில் குறித்து வைப்பார்கள், தாள் மேஜையெல்லாம் பறக்கும். ஜனவரியில் பச்சை வேகமாக வர ஆரம்பித்ததும் இவன் கம்ப்யூட்டரில் பெரிய எழுத்தில் அடித்து ஒவ்வொரு மேஜையிலும் ஒட்டினான்: பச்சை வந்ததும் கிழி. நோயாளியின் ரகசியமாம். சம்பவம் நடந்த அன்று மத்தியானமே ஆறு மேஜையிலும் அந்தத் தாளைக் காணோம். நாலு மூலைக்கும் நாலு பசைத்தடம் மட்டும் இருக்கிறது, தூசி ஒட்டி, கரப்பான் கால்வைத்த மாதிரி. போய்ப் பார்த்தேன். விரலால் தொட்டும் பார்த்தேன். இன்னும் ஒட்டுகிறது.

பச்சை ஏன் வேகமாக வர ஆரம்பித்தது. இங்கேதான் ஓய், இந்த இடத்தில்தான் என் நினைப்பு பதின்மூன்று நாளாகப் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, செக்குமாடுகூட ஒரு சுற்று முடித்தால் அடுத்த சுற்று போகும், இது அந்த ஒரே இடத்தில் கொம்பை முட்டிக்கொண்டு நிற்கிறது. டேட்டாபேஸ் என்கிற சவத்து மூதிக்கு ஒரு பழக்கம் உண்டு. நீர் எதை எழுதச் சொன்னாலும் முதலில் லாக் என்கிற குறிப்பேட்டில் ஒரு வரி கிறுக்கிக்கொள்ளும். அப்புறம்தான் சாவகாசமாக உரிய இடத்தில் கொண்டுபோய் வைக்கும். நடுவில் கரண்ட் போனாலும் எழுந்ததும் லாக்கைப் பார்த்து விட்டதை முடித்துவிடும். ஆகவே அந்த ஒரு வரி டிஸ்க்கில் பதிந்துவிட்டதா, இல்லை கரண்ட் இருக்கிறவரைக்கும் மட்டுமே ஞாபகம் இருக்கிற மெமரியில் தொங்கிக்கொண்டிருக்கிறதா, அதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு ஒரு திருகு இருக்கிறது. ஒன்று என்று வைத்தால், ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கில் அடித்து இறக்கி, பதிந்ததா என்று கேட்டு, பதிந்தது என்று பதில் வந்த பிறகுதான் பச்சை காட்டும். யோக்கியன். மெதுவானவன். வரிசை டீக்கடை வரைக்கும் நிற்கும். இரண்டு என்று வைத்தால், வாங்கிய உடனேயே பச்சை. டிஸ்க்கில் இறக்குவது செகண்டுக்கு ஒரு தடவை, மொத்தமாக. பேனாவையே இன்னும் எடுக்கவில்லை, எழுதியாச்சு எழுதியாச்சு, அடுத்த ஆள் வா என்று கையை ஆட்டுகிறவன். ஜனவரி ஒன்பதாம் தேதி நான் ஒன்றை அழித்து இரண்டு போட்டேன். ஒரு எழுத்து. பொய் சொல்லத் தெரியாமல் இருந்த ஒரு மிஷினுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தேன். நான் கற்றுக்கொடுக்காமல் வேறு எவன் கற்றுக்கொடுப்பான், இந்த ஜில்லாவிலேயே என்னைவிடத் தகுதியான வாத்தியார் யார்.

ஏனென்றால் நான் புளுகன். மறைக்க ஒன்றுமில்லை, பட்டம் கொடுக்காத குறைதான். மில்லில் வேலை பார்த்தபோது ஆற்று முதலை ஒன்று என் காந்த டேப்பை விழுங்கிவிட்டது, ஆறு மாசம் கழித்து முதலையைப் பிடித்து வயிற்றைத் தடவத் தடவ மில்லின் வருகைப்பதிவு வரிசையாக வந்தது என்று இந்த ஆஸ்பத்திரி கேன்டீனில் குறைந்தது நாற்பது தடவை சொல்லியிருக்கிறேன். இடி விழுந்து மின்னல் கேபிள் வழியாகப் புகுந்து பிரிண்டரில் வெளியே வந்து அரைப் பக்கம் அச்சடித்துவிட்டுப் போனதையும் சொல்லியிருக்கிறேன், என்ன அச்சடித்தது என்று கேட்டால் படிக்கிறதுக்குள் கருகிவிட்டது என்பேன். சிரிப்பார்கள். அண்ணாச்சி ஆரம்பிச்சுட்டாரு. அந்த இரண்டு வார்த்தையைக் கேட்கத்தான் ஒன்பது வருஷம் இங்கே கிடந்தேன் போலிருக்கிறது. பொய் சொல்கிறவனுக்கு ஒரு சௌகரியம், எந்தப் பொய்யும் அவனைப் பிடிக்காது. அசௌகரியமும் ஒன்றுதான், அது இன்றைக்குக் காலையில் தெரிந்தது. இட்லி வைத்துக்கொண்டிருந்த பகவதியிடம், முப்பத்தெட்டு வருஷமாக என்னைச் சகித்துவரும் என் பெண்டாட்டியிடம், எல்லாவற்றையும் சொன்னேன். திருகு, ஒன்று, இரண்டு, செவ்வாய்க்கிழமை, தொண்டைக் குழாய், ஜெபக்கனி. சொல்லும்போது சட்னி சிந்தியது. அவள் முழுதும் கேட்டாள். கேட்டுவிட்டு, "சரி, இதுல முதலை எப்போ வரும்?" என்றாள். வராது என்றேன். "அப்போ கதை நல்லால்ல" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மிக்சியின் மேல் பொன்னாடை கிடந்தது. அதுவும் இந்தக் கதையில் வரும். ஏழு செகண்டை அரை செகண்டாக்கிக் காட்டுகிறேன் என்று கோமதிசங்கர் மேஜையில் அடித்துச் சொன்னவன் நான். புது டிஸ்க் வாங்கிக் கொடுங்கள் என்று அதற்கு முன்னால் மூன்று தடவை எழுதிக் கேட்டேன், வாங்கவில்லை. வாங்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு ஏழு செகண்டிலேயே விட்டிருக்க வேண்டும். விட்டேனா. வித்தை காட்டினேன். குடியரசு தினத்தன்று கொடியேற்றி முடித்ததும் எனக்குப் பொன்னாடை, வரிசையை ஒழித்த வேந்தன் என்று கோமதிசங்கர் மைக்கில் பேசினான். பகவதி அன்று சாயங்காலமே அதை மிக்சிக்குப் போர்த்திவிட்டாள், அதற்குத்தான் குளிருது என்று. ஆனால் சொன்னேன் ஓய். சொல்லாமல் செய்யவில்லை. மாற்றிய அன்றைக்கே அவன் ரூமில் நின்று சொன்னேன்: "சார், இதுல ஒண்ணு இருக்கு. கரண்டு கிரண்டு போச்சுன்னா கடைசி ஒரு செகண்டு காணாமப் போகும்." அவன் தலையைத் தூக்காமல் சிரித்தான். "ஒரு செகண்டுல என்ன அண்ணாச்சி குடி முழுகிரும். அதான் யூபிஎஸ் இருக்குல்லா." நானும் சிரித்தேன். அதுதான். அங்கே சிரிக்காமல் இருந்திருக்கலாம். சிரிக்காமல் சொல்லியிருந்தால், இவன் முதல்தடவையாகச் சிரிக்காமல் ஏதோ சொல்கிறானே என்று ஒருவேளை நிமிர்ந்து பார்த்திருப்பான். சிரித்துக்கொண்டே சொன்ன உண்மை என்ன கணக்கில் சேரும். அறுபத்தோரு நாள் ஒன்றும் ஆகவில்லை. ஐம்பத்திரண்டு லட்சம் செகண்ட் நல்லபடியாகப் போனது, நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ராத்தூக்கம் போனவனுக்கு வேறென்ன வேலை. ஐம்பத்திரண்டு லட்சத்தில் ஒன்று. அந்த ஒன்றில் போய் அந்த மகராசி பச்சையைப் பார்த்திருக்கிறாள்.

யூபிஎஸ். கரண்ட் போனாலும் பேட்டரியில் சர்வரைத் தாங்கவேண்டிய பெட்டி. தூ. அந்த மீனைப் பாரும். வெள்ளிக் கத்தி மாதிரி ஒரு முழ நீளம், மோவாயில் இரண்டு மீசை, முகத்தில் கலெக்டர் களை. வாஸ்துவுக்காகக் கோமதிசங்கர் வாங்கி இங்கே வைத்தது. போன மழைக்காலத்தில் கரண்ட் போய்க் காற்று மோட்டார் நின்று மூத்த மீன் மிதந்துவிட்டது. அதற்கப்புறம் இந்த மீனுக்கு ஒரு செகண்டும் காற்று நிற்கக்கூடாது என்று உத்தரவு. தொட்டிக்குப் பின்சுவர்தான் சர்வர் ரூம். எலக்ட்ரீஷியன் வந்து யூபிஎஸ்ஸில் இருந்த சர்வர் பிளக்கைப் பிடுங்கி அந்த இடத்தில் மீன் பிளக்கைச் செருகினான், சர்வரைச் சுவரில் இருக்கிற சாதா பிளக்கில் செருகினான். பார்த்தேன். பக்கத்தில் நின்று பார்த்தேன், கையில் காப்பி இருந்தது. பொன்னாடை போர்த்தி மூன்று வாரம்கூட ஆகவில்லை, வாய் இனிப்பாக இருந்தது, சொன்னால் கசக்கும் என்று சொல்லவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை எட்டு செகண்டும் மீனுக்குக் குமிழி குமிழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. மாடியில் ஒருத்தனுக்கு நிற்கப்போகிற காற்றையெல்லாம் சேர்த்து இது குடித்தது. நான் முறைக்கிறேன். அதுவும் முறைக்கிறது. இமை கிடையாது மூதிக்கு, ஜெயிக்க முடியாது.

"நெளியாம இரிங்க அண்ணாச்சி." ஜெபக்கனி. முகத்தைத் திருப்பாமல் சொல்கிறாள். நெளியவில்லை பிள்ளை, நாற்காலி ஆடுது என்றேன். "நீங்க ஆடாம நாற்காலி எப்படி ஆடும். உங்க மிஷின் மாதிரிதான் நீங்களும். செஞ்சுட்டு, செய்யலன்னு பச்சையா நிக்கும்." தெரிந்து சொல்கிறாளா. தெரியாது, தெரிய வழியில்லை, வாயில் வந்ததைச் சொல்கிறாள், ஆனாலும் ஊசி சரியான இடத்தில்தான் இறங்குகிறது. "பச்சை வந்தது அண்ணாச்சி. நான் பாத்தேன். பைபிள் மேல கைவச்சுச் சொல்லுவேன். பதினோரு வருஷமா பச்சை வராம நான் ஒரு தாளைக் கிழிச்சதில்ல." தெரியும் பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். வந்த வார்த்தை வேறு. "பொத்தானை அமுக்கினது பத்தாம இருந்திருக்குமோ" என்றேன். எந்த நாய் என் வாய்க்குள் உட்கார்ந்து அதைச் சொன்னது. அவள் முதல்தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள், முள் ஐந்தாறு தடவை குதித்தது. "எங்க வீட்டுக்காரரும் இதையேதான் கேட்டாரு. மாமியா கேட்டா. எஸ்.ஐ. கேட்டாரு. எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு, கண்ணை மூடினா பச்சை வருது, திறந்தாக் காணோம். கோட்டி பிடிச்சிரும் போல. நீங்க ஒருத்தராவது வேற ஏதாவது கேட்டிருக்கலாம்." கைப்பையை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தாள். வேலியை இன்னும் கொஞ்சம் அழுத்தி நட்டாள்.

கதவு திறந்து கோமதிசங்கர் வருகிறான். முன்னால் சென்ட் வருகிறது, பின்னால் அவன். நாற்பத்திநாலு வயசு, சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது, ஆளை ஃபிரிட்ஜில் மடித்து வைத்திருப்பார்கள் போல. ஜெபக்கனி உட்கார்ந்திருக்கிற இடத்தில் வெறும் சுவர் இருப்பதுபோல அவளைத் தாண்டி வந்து என் தோளில் கைவைத்து ஜன்னலோரம் ஒதுக்குகிறான். "அண்ணாச்சி, ரெண்டே வரி. பச்சை வந்திருந்தா லாக்ல இருக்கணும். லாக்ல இல்ல. அம்புட்டுதான். அதுக்கு மேல முதலை கிதலை எதுவும் வேண்டாம், என்னா." சரி சார் என்றேன். "உண்மையத்தானே சொல்லச் சொல்லுதேன்." ஆமா சார் என்றேன். உண்மைதான், அதுதானே விஷம். லாக்கில் இல்லை. ஆயுசில் நான் மேடையேறிச் சொல்லப்போகிற முதல் உண்மை, அதை வைத்து ஒரு பெண்பிள்ளையின் கழுத்தை அறுக்கலாம். "ஆமா, என்ன மறுபடி ரெண்டு வாரமா வரிசை டீக்கடைக்குப் போயிட்டு? மிஷின் ஊருதே" என்றான் போகிறபோக்கில். "வெயில் சார்" என்றேன். தலையாட்டிக்கொண்டு போனான். வெயிலாம். சம்பவத்தன்று சாயங்காலம், ஐ.சி.யூ. வாசலில் அந்தப் பெண்டாட்டி தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த கையோடு கீழே வந்து இரண்டை அழித்து ஒன்று போட்டேன். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியவில்லை, மிஷின் மறுபடி யோக்கியனாகிவிட்டது, மெதுவாகிவிட்டது. ஊரே பதின்மூன்று நாளாக டீக்கடை வரை நின்று என் குற்றத்துக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது, ஒருத்தனுக்குக்கூடக் காது இல்லை.

சட்டைப்பையில் தாள் இருக்கிறது. நெஞ்சில் பட்டுக்கொண்டே இருக்கிறது, வியர்வையில் ஒரு ஓரம் நமத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்வரின் எல்லாத் திருகுகளையும் அது தானாக நகலெடுத்து வைக்கும், சம்பவத்துக்கு இரண்டு நாள் முந்தின நகலிலிருந்து ஒரு பக்கம் அச்சடித்தேன். நடுவில் அந்த வரி, அதன் முனையில் இரண்டு. கீழே ஏ.என்., ஜனவரி ஒன்பது. தொட்ட ஃபைலிலெல்லாம் கையெழுத்துப் போடுகிற புத்தி எனக்கு, சுவரைக் கண்டால் கால் தூக்குகிற பிராணி மாதிரி. இதை எதற்கு அச்சடித்தேன். கொடுக்கவா, எரிக்கவா. நேற்று எரிக்கிறதுக்குத் தீப்பெட்டி வரைக்கும் எடுத்தேன், ஈரமாக இருந்தது என்று ஒரு பொய்யை எனக்கே சொல்லிக்கொண்டு வைத்துவிட்டேன். உள்ளே போய் நானே சொன்னால் என்ன ஆகும். முடிந்தவரை முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு ஐயா இந்தத் திருகு இரண்டில் இருந்தது என்பேன். கோமதிசங்கர் பெருமூச்சு விட்டுச் சிரிப்பான். அண்ணாச்சி ஆரம்பிச்சுட்டாரு. பிள்ளை மேல எரக்கம் சார், கதை விடுதாரு, முதலைக் கதை கேட்டிருக்கீங்களா. டாக்டர்கள் சிரிப்பார்கள். எனக்கும் பழக்கதோஷத்தில் பல் தெரியும், இந்தப் பதினோரு பல். முடிந்தது. நான் சொன்னால் அது கதை. ஆனால் அவள் கேட்டால் அது கேள்வி. கேள்விக்கு முதலை என்று பதில் சொல்ல முடியாது, ஒன்றா இரண்டா என்று கேட்டால் ஒன்று என்றோ இரண்டு என்றோதான் சொல்லவேண்டும். ஒன்று என்று சொல்லலாமே. சொல்லலாம். தாள் கையில் இல்லாவிட்டால் சொல்லலாம். அதனால்தான் ஓய் தாள் என் கையில் இருக்கக்கூடாது. என்னை எனக்குத் தெரியும், அந்தப் பயலை நம்பி ஒரு துரும்பைக் கொடுக்கமாட்டேன்.

மணி பத்து ஐம்பத்தெட்டு. கதவுப்பிடி திரும்புகிறது. எடுத்துக் கைப்பையின் மேல் வைத்தேன், மீனைப் பார்த்துக்கொண்டே வைத்தேன். "இது என்ன அண்ணாச்சி." உள்ள போனதும் மேஜையில வை. வச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேளு, அன்னைக்கு இது ஒண்ணா ரெண்டான்னு. "யாருகிட்ட கேக்க." கம்ப்யூட்டர்க்காரனைக் கூப்பிட்டுக் கேளுங்கன்னு சொல்லு. "அது நீங்கள்லா." ஆமா. ரெண்டுன்னா பச்சை வந்தாலும் லாக்ல இருக்காது, அப்புறம் யூபிஎஸ்ல என்ன செருகியிருக்குன்னும் கேக்கச் சொல்லு. அவள் தாளைப் படித்தாள். மறுபடி படித்தாள். நாற்காலி ஆடவே இல்லை, மூச்சு நின்றுவிட்டதோ என்று பயந்தேன். "பச்சை வந்தது" என்றாள், என்னிடம் இல்லை, தாளிடம். கொஞ்சம் கழித்து, "கீழ ஏ.என்.ன்னு போட்டிருக்கே." அது வேற ஆளு. "இந்த ஆஸ்பத்திரியில எத்தனை ஆவுடைநாயகம்." மூணு பேரு இருந்தோம், ரெண்டு பேரை முதலை முழுங்கிட்டு. அவள் சிரிக்கவில்லை. அவள் கண்ணில் இருந்ததைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். "பதிமூணு நாளு" என்றாள். "பதிமூணு நாளு இதைப் பைக்குள்ள வச்சிட்டு என் பக்கத்துல டீ குடிச்சிருக்கீரு." நீங்கள் போய்விட்டது, நீராகிவிட்டேன். சரிதான். அட்டெண்டர் அம்மாள் தலையை நீட்டி, "ஜெபக்கனி, வரச்சொல்லுதாக" என்கிறாள். எழுந்தாள். தாளைப் பிடித்திருந்த இரண்டு கையிலும் கட்டைவிரல் மேலே, ஆள்காட்டிவிரல் கீழே, ஒரு நாளைக்கு முந்நூறு தடவை பழகிய பிடி. கிழிச்சிராத பிள்ளை என்றேன். அவள் தன் விரல்களைப் பார்த்தாள், மெல்லப் பிரித்தாள், தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் எழுந்த வேகத்தில் கம்பி துள்ளி என் பல்லெல்லாம் இடித்துக்கொண்டது.

நடு நாற்காலி காலி, அந்த நாற்காலியும் காலி. கைப்பையைக்கூட எடுத்துக்கொண்டாள். உள்ளே யாரோ பேசுகிறார்கள், பேச்சு நின்றுவிட்டது. முள் குதிக்கிறது. குதிக்கிறது. ஒன்று என்று சொல்லலாமா என்று நாக்கு கடைசியாக ஒருதடவை கேட்டுப் பார்க்கிறது, மூதி, இன்னும் புத்தி வரவில்லை அதற்கு. உள்ளிருந்து கோமதிசங்கரின் குரல், அண்ணாச்சி என்கிறது, சென்ட் இல்லாத குரல், முதல்தடவையாகச் சிரிப்பில்லாத குரல். வாரேன் சார். முட்டி மடக்கென்கிறது. ரெண்டு. ரெண்டு சார். வாசலுக்குப் பத்து எட்டு, அதுவரைக்கும் வேறு எந்த வார்த்தையும் வாய்க்குள் வரக்கூடாது, ரெண்டு, ரெண்டு. நீர் இத்தனை நேரம் கேட்டீர், நல்லது, கேட்டதோடு இருக்கட்டும். யாரிடமும் மூச்சுவிடாதேயும். யார் சொன்னது என்று எவனாவது குடைந்து கேட்டால், ஆவுடைநாயகம் என்று என் பேரை இழுக்காதேயும், ஒன்பது வருஷம் காத்த பேர் அது, புளுகன் என்கிற நல்ல பேர், உண்மை சொன்னான் என்று தெரிந்தால் கேன்டீனில் எவனும் மதிக்கமாட்டான். மீன் சொன்னது என்று சொல்லிவிடும். அதுவும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.